லினக்ஸ் நெட்புக்கில் மென்பொருள் ஏற்றுவது எப்படி?



நம்மில் பலர் கடையில் பழைய நெட்புக் ஒன்று அலமாரியில் கிடக்கும். 2008-ஆம் ஆண்டையொட்டி மலிவு விலையில் வந்த, பத்து அங்குலத் திரை கொண்ட சின்னக் கணிப்பொறி அது. அதில் இருந்த விண்டோஸ் எக்ஸ்பிக்குப் பாதுகாப்புத் திருத்தங்கள் 2014 ஏப்ரலோடும், விண்டோஸ் 7-க்கு 2020 ஜனவரியோடும் நின்றுவிட்டன. விண்டோஸ் 10-க்கும் வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்தது. புதிய விண்டோஸை அந்தச் சிறிய இயந்திரம் தாங்காது. ஆகவே வீட்டுப் பிள்ளைகள் லினக்ஸ் போட்டுக் கொடுத்துவிடுகிறார்கள். இயந்திரம் மறுபடி ஓடுகிறது. ஆனால் கணக்கு எழுத ஒரு மென்பொருள் ஏற்ற வேண்டும் என்று வரும்போது, விண்டோஸில் பழகிய கை தயங்கி நிற்கிறது. அந்த ஒரு விஷயத்தை மட்டும் இங்கே பார்ப்போம்.

விண்டோஸில் நாம் செய்து வந்தது என்ன? யாரோ கொடுத்த சி.டி.யையோ, ஏதோ ஓர் இணையதளத்தில் கிடைத்த ‘செட்டப்’ கோப்பையோ சொடுக்கி, ‘நெக்ஸ்ட், நெக்ஸ்ட்’ என்று போவோம். இது தெருவில் போகிற வண்டியை நிறுத்தி, பெயர் ஊர் கேட்காமல் சரக்கு இறக்குவது போன்றது. மளிகை மொத்த வியாபாரி ஒருவர், பெயர் வேண்டாம், இலவசமாக வந்த பில் மென்பொருள் ஒன்றை இப்படித்தான் இறக்கினார். மூன்றாம் நாள் கோப்புகள் எல்லாம் பூட்டிக்கொண்டன. திறக்கப் பணம் கேட்டு ஒரு அறிவிப்பு மட்டும் திரையில் நின்றது. அந்தப் பருவத்து நிலுவைப் பட்டியல் முழுவதும் போயிற்று. கடன் வாங்கியவர்களில் யோக்கியமானவர்கள் சொன்ன தொகையை எழுதிக்கொண்டார். மற்றவர்களிடம் பேச ஆதாரம் இல்லை.

லினக்ஸில் முறை வேறு. டெபியன், உபுண்டு, மின்ட் என்று எந்த வகை லினக்ஸ் ஆனாலும் அதற்கென்று ஒரு மத்தியக் கிடங்கு இணையத்தில் உண்டு. அங்கே ஒவ்வொரு மென்பொருளும் ஒரு பொதியாகக் கட்டி வைக்கப்பட்டிருக்கும். கிடங்கின் சரக்குப் பட்டியலில் டிஜிட்டல் முத்திரை இருக்கும். உங்கள் இயந்திரம் முத்திரையைச் சரிபார்த்து, பட்டியலில் கண்டபடியே பொதி இருக்கிறதா என்று ஒப்பிட்டு, அதன் பிறகுதான் பிரிக்கும். வழியில் யாராவது மூட்டையை மாற்றியிருந்தால் ஏற்காது. ஒரு மென்பொருள் ஓட வேறு நான்கு துணைப் பொதிகள் வேண்டுமென்றால் அவற்றையும் தானே வரவழைத்துக்கொள்ளும். தராசு கேட்டால் படிக்கற்களும் சேர்ந்து வருவது போல.

டெபியன் வழி வந்த பல லினக்ஸ்களில் ‘சினாப்டிக்’ என்றொரு நிரல் இருக்கும். அதைத் திறந்ததும் முதலில் ‘ரீலோட்’ செய்து கிடங்குப் பட்டியலைப் புதுப்பியுங்கள். பழைய பட்டியலை வைத்துக்கொண்டு ஆர்டர் போட்டால் ‘சரக்கு இல்லை’ என்றுதான் பதில் வரும். பிறகு வேண்டியதைத் தேடுங்கள். உதாரணமாக, இரட்டைப் பதிவு முறையில் பேரேடு எழுத ‘க்னுகேஷ்’ உண்டு. எக்ஸெல் போன்ற வேலைக்கு ‘லிப்ரே ஆபீஸ்’ உண்டு. பல லினக்ஸ்களில் அது முன்பே ஏறியிருக்கும். வேண்டியதைக் குறியிட்டு ‘அப்ளை’ கொடுத்தால் எத்தனை பொதி, எவ்வளவு இடம் என்று கணக்குக் காட்டும். படித்துப் பார்த்துவிட்டுச் சம்மதம் கொடுங்கள்.

இதற்கு நிர்வாகியின் கடவுச்சொல் கேட்கும். இதை ஒரு தொல்லையாக நினைக்க வேண்டாம். பில் போடும் பையனுக்குத் தனிக் கணக்கு ஒன்று திறந்து, நிர்வாகிக் கடவுச்சொல்லைக் கல்லாச் சாவி போல முதலாளி வைத்துக்கொண்டால், கடை இயந்திரத்தின் அமைப்பில் எவரும் கண்டதையும் ஏற்ற முடியாது. சில லினக்ஸ்களில் கட்டளைத் திரையில் கடவுச்சொல் அடிக்கும்போது ஒரு புள்ளிகூடத் தெரியாது. விசைப்பலகை கெட்டுவிட்டது என்று எண்ணாமல் அடித்து முடித்து ‘என்டர்’ தட்டுங்கள்.

நெட்புக்குக்கே உரிய ஒரு சங்கடம் உண்டு. பெரும்பாலான நெட்புக் திரைகளின் உயரம் 600 புள்ளிதான். ‘அப்ளை’ பொத்தான் சில வேளை திரைக்குக் கீழே மறைந்துவிடும். ‘ஆல்ட்’ விசையை அழுத்திக்கொண்டு மவுசால் அந்தச் சன்னலை மேலே இழுத்தால் பொத்தான் தெரியும்.

பழைய நெட்புக்கில் பேட்டரி பெரும்பாலும் செத்திருக்கும். ஏற்றும் பாதியில் மின்சாரம் போனால் பொதி அரைகுறையாக நின்றுவிடும். அடுத்த முறை ஏற்றப் போனால் பிழைச் செய்தியிலேயே சரிசெய்யும் கட்டளையையும் காட்டும். அதை எழுத்துப் பிசகாமல் கட்டளைத் திரையில் அடித்தால் விட்ட இடத்திலிருந்து தொடரும். வேறொரு நிரல் கிடங்கைப் பூட்டி வைத்திருப்பதாகச் செய்தி வந்தால், பின்னணியில் புதுப்பித்தல் நடக்கிறது என்று பொருள். பத்து நிமிடம் பொறுத்திருங்கள்.

இயந்திரம் 32 பிட்டா, 64 பிட்டா என்று அவசியம் பாருங்கள். ஆட்டம் என்270 போன்ற தொடக்க கால நெட்புக் சில்லுகள் 32 பிட் மட்டுமே. 2025 ஆகஸ்டில் வந்த டெபியன் 13-ஐ அவற்றில் நிறுவ வழியில்லை. டெபியன் 12-இல் உண்டு. அதன் நீண்டகாலப் பராமரிப்பு 2028 ஜூன் வரை என அறிவித்திருக்கிறார்கள். கூகுள் குரோம் 32 பிட் லினக்ஸை 2016-லேயே கைவிட்டது. அவற்றுக்குக் கிடங்கில் உள்ள ஃபயர்ஃபாக்ஸே போதும்.

இனி, வராதவை பற்றி. டாலி விண்டோஸுக்கென்று செய்யப்பட்டது. விண்டோஸ் நிரல்களை லினக்ஸில் ஓட்ட ‘ஒயின்’ என்றொரு மென்பொருள் இருக்கிறது (பெயரைக் கண்டு மிரள வேண்டாம்). சிறு நிரல்களுக்கு அது உதவும். வரிக் கணக்கை அதை நம்பி ஓட்டுவதற்கு நான் ஒப்ப மாட்டேன். டாலி வேண்டியவர்கள் ஆதரவுள்ள விண்டோஸ் இயந்திரம் ஒன்றில் உரிமத்தோடு வைத்துக்கொண்டு, நெட்புக்கை விலைப்பட்டியல், சிட்டை, கடிதம், இணையம் ஆகியவற்றுக்கு ஒதுக்குவதே நடைமுறைக்கு ஒத்தது. பென்டிரைவில் வரும் திருட்டுப் பிரதி வேண்டவே வேண்டாம். 1957-ஆம் ஆண்டுப் பதிப்புரிமைச் சட்டம் 63பி பிரிவின்படி, திருட்டுப் பிரதி என்று தெரிந்தே கணிப்பொறியில் பயன்படுத்தினால் ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறையும், 50,000 முதல் 2,00,000 ரூபாய் வரை அபராதமும் உண்டு. வியாபாரத்துக்கு அல்லாத உபயோகம் என்றால் நீதிமன்றம் சிறையைத் தவிர்க்கலாம். நம் கடைக்கு அந்தச் சலுகை எப்படிப் பொருந்தும்?

கிடங்கில் இல்லாத சில நிரல்களை, குறிப்பாக பிரிண்டருக்கானவற்றை, தயாரிப்பாளரே ‘டெப்’ கோப்பாகக் கொடுப்பார். அதற்குக் கிடங்கின் முத்திரை கிடையாது என்பதால் தயாரிப்பாளரின் சொந்தத் தளத்திலிருந்து மட்டும் எடுங்கள். ‘ஆர்பிஎம்’ என்று முடியும் கோப்பு வேறு வகை லினக்ஸுக்கானது.

2011 முதல் தமிழக அரசு மாணவர்களுக்கு வழங்கிய மடிக்கணினிகளில் விண்டோஸுடன் பாஸ் லினக்ஸும் இருந்தது. அதுவும் டெபியன் வழி வந்ததுதான். அப்படிப் பழகிய பிள்ளை ஒருவர் உங்கள் கடையிலேயே வேலை பார்க்கலாம். கேட்டுப் பாருங்கள்.

கார்பன் வைத்துப் பில் அடிக்கும் டாட் மேட்ரிக்ஸ் பிரிண்டர் என்னாகும் என்று பலர் கேட்கிறார்கள். பிரிண்டர் அமைப்பில் ‘எப்ஸன் 9 பின்’, ‘எப்ஸன் 24 பின்’ என்ற பொது இயக்கிகள் உண்டு. உங்கள் பிரிண்டரின் ஊசி எண்ணிக்கைக்கு ஏற்றதைத் தேர்ந்தெடுத்து ஒரு சோதனைப் பக்கம் அடித்துப் பாருங்கள்.