ஃபேஷியல் செய்த முகம் கறுத்துவிட்டதா?

பிளீச், ஃபேஷியல், பீல் செய்துகொண்ட சில நாட்களில் கன்னத்திலும் மேலுதட்டிலும் கருந்திட்டு படிவதுண்டு. எரிச்சல் கண்ட தோல் நிறமியைக் கூடுதலாகச் சுரப்பதால் வருவது இது. மாநிறத்தவருக்கும் கறுப்பு நிறத்தவருக்கும் அதிகம். அழுக்கல்ல, தேய்த்தால் போகாது. தேய்க்கத் தேய்க்க இன்னும் கறுக்கும்.

1. பார்லரில் முகம் எரியத் தொடங்கினால், ‘கொஞ்சம் பொறுத்துக்கோங்க’ என்றாலும் பொறுக்காதீர்கள். உடனே துடைத்தெடுத்து, குளிர்ந்த தண்ணீரில் பத்துப் பதினைந்து நிமிடம் கழுவுங்கள். சோப்பு வேண்டாம்.

2. வீட்டில் பிளீச் போடுபவர்கள் கவனிக்க: க்ரீமோடு கலக்கும் பொடிதான் ஆக்டிவேட்டர். பளிச்சென்று தெரியட்டும் என்று அதை ஒரு சிட்டிகை கூட்டிப் போடுவதுதான் பலருக்கு வினையாகிறது. பெட்டியில் போட்டிருக்கும் அளவையும் நேரத்தையும் தாண்டவே கூடாது. த்ரெடிங், வேக்ஸிங் செய்த அன்று பிளீச் வேண்டாம்.

3. கறுத்த இடத்தில் எலுமிச்சைச் சாறு, சமையல் சோடா, பற்பசை தடவாதீர்கள். எலுமிச்சை பட்ட தோலில் வெயிலும் பட்டால் கொப்புளமே கிளம்பலாம்.

4. திட்டு மறையும்வரை சன்ஸ்கிரீன்தான் முதல் மருந்து. எஸ்பிஎஃப் 30க்குக் குறையாதது. ஆள்காட்டி விரல், நடுவிரல் இரண்டின் நீளத்துக்கும் பிதுக்கி எடுத்தால் முகத்துக்கும் கழுத்துக்கும் சரியாக இருக்கும். வெளியில் இருந்தால் 2 மணி நேரத்துக்கு ஒருமுறை மறுபடி பூசுங்கள். மாடியில் துணி காயப்போடும் நேரமும் வெயில்தான். இரும்பு ஆக்சைடு சேர்ந்த, தோல் நிறத்திலேயே வரும் சன்ஸ்கிரீன் இன்னும் நல்லது.

5. மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் ‘வெளுக்கும் க்ரீம்’ மீது எனக்குப் பெரிய பயம். பீட்டாமெத்தசோன், குளோபெட்டசால், மொமெட்டசோன் என்ற பெயர்கள் டியூபில் இருந்தால் அது ஸ்டீராய்டு. முதல் சில வாரம் முகம் மின்னும். நிறுத்தியதும் சிவந்து எரியும், பரு கிளம்பும்; நாள்படப் பூசினால் தோல் மெலியும், முகத்தில் முடியும் வளரும். மருத்துவர் எழுதித் தராமல் தொடாதீர்கள்.

6. கொப்புளம், நீர் வடிதல், வெண்திட்டு கண்டால் காத்திராமல் தோல் மருத்துவரிடம் போங்கள். பார்லரில் போட்ட க்ரீமின் பெட்டியை, சேர்மானம் தெரியும்படி படமெடுத்துக் கொண்டுபோனால் அவருக்கு வேலை எளிது.

7. சாதாரணக் கருந்திட்டு மங்கவே சில மாதம் ஆகும். சாம்பல், நீலம் கலந்தாற்போல இருந்தால் நிறமி ஆழத்தில் இறங்கியிருக்கிறது, வருடத்தைத் தாண்டலாம். அதற்குள் அவசரப்பட்டு இன்னொரு பீல் செய்துகொள்ளாதீர்கள்.