பயிலரங்கு முடிந்த திங்கட்கிழமை

மூலக்குளத்தில் குடியிருக்கும் அறிவியல் ஆசிரியர் ஒருவர், காலாப்பட்டில் இருக்கும் புதுவைப் பல்கலைக்கழகத்துக்கு இரண்டு வாரப் பயிற்சிக்குப் போகிறார் என்று வைத்துக்கொள்வோம். காலையில் விழுப்புரம் சாலை நெரிசலில் ஊர்ந்து, இந்திரா காந்தி சிலையையும் ராஜீவ் காந்தி சிலையையும் தாண்டி, கிழக்குக் கடற்கரைச் சாலையைப் பிடிக்க வேண்டும். மாலையில் அதே வழி. இவ்வளவு அலைச்சலுக்கும் ஒரு சான்றிதழ் மட்டும் கூலியாகக் கிடைத்தால் போதாது. பயிற்சி முடிந்து கல்லூரிக்குத் திரும்பும் திங்கட்கிழமை, வகுப்பில் ஏதாவது ஒன்று மாறியிருக்க வேண்டும்.

முதலில் விதியைப் பாருங்கள்

யுஜிசியின் 2018 விதிமுறைப்படி, உதவிப் பேராசிரியர் லெவல் 10-லிருந்து 11-க்குப் போக பிஎச்.டி. உள்ளவருக்கு 4 ஆண்டும், எம்.ஃபில். உள்ளவருக்கு 5 ஆண்டும், இரண்டும் இல்லாதவருக்கு 6 ஆண்டும் பணி வேண்டும். அதோடு 21 நாள் ஓரியண்டேஷனும், ரெஃப்ரெஷர் கோர்ஸ் அல்லது அதற்கு ஈடான பயிற்சியும் வேண்டும். எது செல்லும், எத்தனை நாள் வேண்டும் என்பதைப் பதிவு செய்வதற்கு முன்பே கல்லூரி அலுவலகத்தில் கேட்டுவிடுங்கள். ப்ரமோஷன் விண்ணப்பம் போடும் வருடத்தில் அவசரமாக ஓடுபவருக்கு, கிடைத்த கோர்ஸில் உட்காருவதைத் தவிர வேறு வழியிருக்காது. வேலைக்குச் சேர்ந்த முதல் வருடமே திட்டம் போட்டவருக்குத்தான் தேர்ந்தெடுக்கும் வசதி.

எங்கே போகலாம்?

மூத்த ஆசிரியர்கள் ‘ஸ்டாஃப் காலேஜ்’ என்று சொல்லும் மையங்கள் 1986 தேசியக் கல்விக் கொள்கையை ஒட்டிப் பிறந்தவை. 2015-இல் மனிதவள மேம்பாட்டு மையங்கள் ஆயின; 2023 முதல் மாளவியா மிஷன் ஆசிரியர் பயிற்சி மையங்கள். புதுவைப் பல்கலைக்கழகத்திலும் ஒன்று உண்டு. பொதுவான கற்பித்தல் பயிற்சிக்கு இதுவே அருகில் இருக்கும் வாசல்.

பாடத்தை ஆழப்படுத்த வேண்டுமானால் வெளியே பாருங்கள். பெங்களூருவில் இருக்கும் இந்தியன் அகாடமி ஆஃப் சயின்சஸ், டெல்லி, பிரயாக்ராஜ் அறிவியல் அகாடமிகளோடு சேர்ந்து கல்லூரி ஆசிரியர்களுக்கு ரெஃப்ரெஷர் கோர்ஸ்களையும் கோடைகால ஆய்வு ஃபெல்லோஷிப்களையும் நடத்துகிறது. இயற்பியல் லேபில் கருவி போதவில்லை என்று வருந்துபவர்கள் டெல்லி இண்டர்-யுனிவர்சிட்டி ஆக்ஸிலரேட்டர் சென்டர் (ஐ.யு.ஏ.சி.) உருவாக்கிய ‘எக்ஸ்பைஸ்’ கருவியைப் பழகலாம். உள்ளங்கையளவுப் பெட்டி, கணினியில் செருகினால் ஆஸிலாஸ்கோப் வேலையையும் செய்யும், சிக்னலும் கொடுக்கும். தாவரவியல் ஆசிரியர்களுக்கு நம் புதுவையிலேயே 1955-இல் தொடங்கிய பிரெஞ்சு நிறுவனமும் அதன் உலர்தாவரத் தொகுப்பும் இருக்கின்றன.

பத்து விடைத்தாளோடு போங்கள்

கிளம்புவதற்கு முன் கடந்த செமஸ்டரின் பத்து விடைத்தாளை எடுத்துப் பாருங்கள். எல்லாரும் ஒரே இடத்தில் இடறியிருப்பார்கள். அந்த ஒரு யூனிட்டை நோட்டின் முதல் பக்கத்தில் எழுதிக்கொள்ளுங்கள். பயிற்சியில் எதைக் கேட்டாலும், அந்த யூனிட்டுக்கு இது உதவுமா என்று பாருங்கள். பயிற்றுநரிடம் நேராகக் கேளுங்கள்: “அறுபது பேர், நகர்த்த முடியாத பெஞ்சு, ஐம்பது நிமிடம். இதை எப்படிச் செய்வது?” அந்தக் கேள்வியிலிருந்துதான் உங்களுக்கான பயிற்சி தொடங்குகிறது.

திரும்பிய பிறகே சோதனை

அமெரிக்காவில் உயிரியல் பேராசிரியர்களிடம் நடத்திய ஓர் ஆய்வு 2011-இல் வெளியானது. பயிலரங்குக்குப் போய்வந்தவர்களில் 89 சதவீதம் பேர் தங்கள் கற்பித்தலை மாற்றிக்கொண்டதாகச் சொன்னார்கள். அவர்களுடைய வகுப்பு வீடியோக்களைப் பார்த்தபோது, 75 சதவீதம் பேர் பழையபடி விரிவுரைதான் நடத்திக்கொண்டிருந்தார்கள். அவர்கள் பொய் சொல்லவில்லை. போர்ஷனும் பழக்கமும் மெல்லப் பழைய இடத்துக்கு இழுத்துவந்துவிடுகின்றன. இழுபடுகிறவருக்கு அது தெரிவதில்லை.

அதனால் ஒன்றே ஒன்றைத் தொடங்குங்கள். ஹார்வர்டின் எரிக் மஸூர் 1990-களில் இயற்பியல் வகுப்பில் கொண்டுவந்த முறை, செலவில்லாதது. ஒரு கேள்வி: மேலே எறிந்த பந்து உச்சியில் நிற்கும் கணத்தில் அதன் முடுக்கம் என்ன? மாணவர்கள் தனித்தனியே யோசித்து விரலால் விடை காட்டட்டும். பலர் சுழியம் என்பார்கள். விடையைச் சொல்லிவிடாதீர்கள். பக்கத்தில் இருப்பவரிடம் இரண்டு நிமிடம் வாதாடச் சொல்லி, மறுபடி விரல் காட்டச் சொல்லுங்கள். தமிழ்வழியில் படித்து வந்த பிள்ளைகளுக்கு அந்த இரண்டு நிமிடம் பெரிய வரம். ஆங்கிலத்தில் வாய் திறக்கத் தயங்குபவர்கள் தமிழில் சண்டை போட்டே, ஈர்ப்பு விசை உச்சியிலும் ஓய்வெடுப்பதில்லை என்று கண்டுபிடிப்பார்கள்.

இது வெறும் உற்சாகத்துக்காகச் சொல்வதல்ல. 225 ஆய்வுகளைத் தொகுத்த 2014 அறிக்கையில், விரிவுரை வகுப்புகளில் சராசரியாக 34 சதவீதம் பேர் தேறவில்லை. மாணவர்களே செயலில் இறங்கும் வகுப்புகளில் அது 22 சதவீதம்.

பயிற்சிக்கு வந்த ஒருவரின் எண்ணையாவது உங்கள் ஃபோனில் வைத்துக்கொள்ளுங்கள். மாதம் ஒருமுறை பேசுங்கள். முடிந்தால் ஒருவர் வகுப்பில் மற்றவர் பின்பெஞ்சில் உட்காருங்கள். டிபார்ட்மென்ட்டில் அரை மணி நேரம், கற்றதைச் செய்துகாட்டுங்கள். மூன்றாம் மாதம் அந்த முதல் பக்கத்து யூனிட்டில் ஒரு சின்னத் தேர்வு வையுங்கள். பத்து விடைத்தாளை எடுத்து, பழைய பத்தோடு ஒப்பிடுங்கள். ஃபைலில் இருக்கும் சான்றிதழ் ப்ரமோஷன் கமிட்டிக்கு. இந்த இருபது தாள்கள் உங்களுக்கு.