இடுப்பெலும்பு ஊசிக்குப் பயம் வேண்டாம்

கழுத்திலோ கக்கத்திலோ வலியில்லாத நெறிக்கட்டி வாரக்கணக்கில் கரையாமல் இருக்கிறதா? டொக்டரிடம் காட்டுங்கள். அது லிம்போமா என்னும் நிணநீர்ப் புற்றுநோயாகவும் இருக்கலாம்.

எலும்புக்குள் உள்ள மச்சையில்தான் இரத்தம் உற்பத்தியாகிறது. நோய் அங்கே பரவினால் சோகை, அடிக்கடி காய்ச்சல், ஈறில் இரத்தக்கசிவு வரலாம். பரவியிருக்கிறதா என்று பார்க்கத்தான் சிலருக்கு இடுப்பெலும்பின் பின்பக்கத்தை விறைக்கவைத்து, ஊசியால் கொஞ்சம் மச்சை எடுக்கிறார்கள்.

“முதுகுல ஊசி போட்டா கால் வெளங்காம போயிடும்” என்று லயத்தில் சொல்வார்கள். நம்பாதீர்கள். இந்த ஊசி முள்ளந்தண்டில் போடுவதல்ல. சற்று நேரம் வலிக்கும்; சில நாள் நோவிருக்கும்.

மச்சையில் நோயிருந்தால் அது நாலாம் கட்டம். அப்போதும் மருந்துண்டு, சில வகைகள் முற்றாகக் குணமாகின்றன. அரசாங்க ஆஸ்பத்திரியில் சிகிச்சை இலவசம். பயந்து பாதியில் திரும்பி வந்துவிடாதீர்கள்.