பூங்கா இடம் யாருடையது?

கேள்வி: எங்கள் மனைப்பிரிவில் பூங்காவுக்கென விட்டிருந்த இடத்தில் கல் நட்டு மனை பிரிக்கிறார்கள். நகராட்சியில் கேட்டால் "தீர்மானம் ஆகிவிட்டது" என்கிறார்கள். எங்களைக் கேட்காமலே முடிவெடுக்கலாமா?

பதில்: கூடாது. அந்த ஒற்றை வரியைக் கேட்டுவிட்டு நீங்கள் வீடு திரும்பவும் கூடாது. தமிழ்நாட்டில் 10,000 சதுர மீட்டருக்கு மேற்பட்ட மனைப்பிரிவென்றால், சாலை போக 10 சதவீத இடத்தைப் பூங்கா போன்ற பொதுப் பயன்பாட்டுக்காகத் தானப் பத்திரம் எழுதி உள்ளாட்சியிடம் ஒப்படைத்தாக வேண்டும். அது ஊர்ச் சொத்து. பெங்களூரில் பூங்கா இடத்தைத் தனியார் மருத்துவமனைக்கு ஒதுக்கியபோது பகுதிவாசிகள் வழக்குப் போட்டார்கள். ஒதுக்கீடு செல்லாது என்று 1991-இல் உச்ச நீதிமன்றமே சொன்னது.

முதலில் காகிதம் கைக்கு வரட்டும். தகவல் அறியும் உரிமைச் சட்டப்படி 10 ரூபாய் கோர்ட் ஸ்டாம்ப் ஒட்டி மனுப் போடுங்கள். 30 நாளில் பதில் வர வேண்டும். அங்கீகரித்த வரைபடம், தானப் பத்திரம், தீர்மானம், அதற்கு முந்தைய அலுவலகக் குறிப்பு, இந்த நான்கின் நகல் வேண்டும் என்று எழுதுங்கள். "ஏன் இப்படிச் செய்தீர்கள்?" என்று மட்டும் கேட்காதீர்கள். அதைத் தட்டிக்கழிப்பது சுலபம், நகலை மறுப்பது கடினம். கோப்பை நேரில் பார்க்கவும் அதே சட்டம் இடம் தருகிறது. இரண்டு பேராகப் போய், எந்தத் தேதியில் யார் கையெழுத்திட்டார் என்று குறித்துக்கொள்ளுங்கள். நட்ட கற்களை இன்றைக்கே படம் எடுத்து வையுங்கள்.