கோடைக் கணக்கும் குடும்பத் தறியும்

சித்திரையும் வைகாசியும் நெசவாளர் இல்லங்களுக்குச் செலவு மிகுந்த திங்கள்கள். திருமணங்கள், ஊர்த் திருவிழா, அவற்றை அடுத்து ஜூனில் பள்ளிச் செலவு. கூலியோ நெய்த துணிக்கே கிடைப்பது. தறி நின்றால் அதுவும் நின்றுவிடும்.

சென்னிமலை போன்ற பருத்தி நெசவூர்களில் முதலில் கவனிக்க வேண்டுவது பாவு. பாதி நெய்த பாவைத் தறியிலேயே விட்டு ஒரு வாரம் வெளியூர் சென்றால், வறண்ட காற்றில் கஞ்சியேறிய இழை விறைத்து, திரும்பி வந்ததும் அடிக்கடி அறும். ஏறிய பாவை முடித்துவிட்டுப் புறப்படுவதே நலம். முகூர்த்தம் நம் பாவுக்காகக் காத்திராது என்பீர்கள், உண்மையே. அப்போது வீட்டில் ஒருவர் மட்டும் சென்று வரலாம்.

இல்லத்தரசியின் உழைப்பை எக்கணக்கிலும் எழுதுவாரில்லை. பல வீடுகளில் தார் சுற்றுபவர் அவரே. விருந்தினர் வந்து அவர் அடுப்படியிலேயே நின்றுவிட்டால், தறியில் அமர்ந்தவர் வெறும் நாடாவைப் பார்த்துக்கொண்டிருக்க நேரும். அந்நாள்களில் ஆண்மக்களும் தார் சுற்றுவதில் இழுக்கொன்றுமில்லை.

இனிக் கடன். நூற்றுக்கு மாதம் 3 ரூபாய் வட்டி சிறிதாகத் தோன்றும்; ஆண்டுக்கு அது 36 ரூபாய். மொய்க்காக 5,000 ரூபாய் வாங்கி ஓராண்டு வட்டி மட்டும் கட்டினால் 1,800 ரூபாய் போய்விடும். முதலில் ஒரு காசும் குறையாது. தை முதல் சித்திரை வரை மாதம் 1,250 ரூபாயைக் கூலி வாங்கிய நாளிலேயே அஞ்சலகச் சேமிப்பில் இட்டுவந்தால், வைகாசியில் அதே 5,000 ரூபாய் நம் கையிலிருக்கும்.

பாவு முடியும் நாளைச் சங்கத்தில் முன்னரே தெரிவித்துவிடுங்கள். அடுத்த பாவுக்கு நூல் ஆயத்தமாயிருக்கும்.