ஆடா, மானா? கறித்துண்டு சொல்லும் சாட்சி

வனத்துறை சோதனையில ஒரு பாத்திரம் நிறைய கறி சிக்குதுன்னு வச்சுக்குவோம். தோல் இல்ல, கொம்பு இல்ல, குளம்பும் இல்ல. பிடிபட்டவர் "ஆட்டுக்கறிங்க" என்கிறார். எப்படிக் கண்டுபிடிப்பது?

இந்தக் கேள்விக்கான பதிலில் ஒருத்தரோட வாழ்க்கையே இருக்கு. நம்ம காரைக்காலுக்குத் தெற்கே கோடியக்கரையில புள்ளிமானும் வெளிமானும் வாழுது. வெளிமான், 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணை விலங்கு. வேட்டையாடினால் 3 முதல் 7 ஆண்டு வரை சிறை. ஆட்டுக்கறின்னா இந்தச் சட்டப்படி குற்றமே இல்ல! (பெயரில் மான் இருந்தாலும் வெளிமான் ஆடு, மாடு குடும்பம். புள்ளிமான், கடமான்தான் உண்மையான மான் குடும்பம்.)

இங்கேதான் டிஎன்ஏ வருது. செல்லுக்குள்ள இருக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்குத் தனி டிஎன்ஏ உண்டு. ஒரு செல்லில் அதற்கு நூற்றுக்கணக்கில் நகல்கள் இருப்பதால், சமைத்த கறியிலும் கொஞ்சமாவது தப்பிப் பிழைக்கும்.

சோதனை மூணு படி:

1. கறியிலிருந்து டிஎன்ஏ-வைப் பிரித்தெடுப்பது.
2. பிசிஆர் மூலம் சைட்டோகுரோம் பி மரபணுவின் ஒரு பகுதியைப் பெருக்குவது. ஒவ்வொரு சுற்றிலும் இரட்டிப்பு. கணக்குப்படி 30 சுற்றில் ஒன்று 100 கோடியைத் தாண்டும்.
3. அதன் எழுத்து வரிசையைப் படித்து, தெரிந்த விலங்குகளின் வரிசைகளோடு ஒப்பிடுவது. கம்ப்யூட்டர் சயின்ஸ் மக்களே, இது நீங்க படிக்கிற ஸ்ட்ரிங் மேட்சிங்தான்!

என்ன விலங்குன்னே தெரியாம எப்படிப் பெருக்குவது? ஹைதராபாத் சிசிஎம்பி-யின் எஸ்.கே. வர்மாவும் லால்ஜி சிங்கும் 2003-ல் இதற்கு வழி சொன்னார்கள். ஏராளமான விலங்குகளுக்குப் பொருந்தும் பொதுவான பிரைமர்கள் அவை. இரண்டு ஓரமும் எல்லா விலங்கிலும் ஏறக்குறைய ஒன்று. நடுவில் உள்ள எழுத்துகள் இனத்துக்கு இனம் மாறும். ஓரத்தைப் பிடித்து நடுவைப் படிக்கிறார்கள்.

எல்லை இல்லாமல் இல்லை. மைட்டோகாண்ட்ரியா டிஎன்ஏ தாய்வழி மட்டுமே வருவதால் இனம் தெரியும். எந்தத் தனி மான் என்று தெரியாது. அதற்கு உட்கரு டிஎன்ஏ வேண்டும். ஆடு வெட்டிய கத்தியைக் கழுவாமல் மாதிரி எடுத்தால் இரண்டு வரிசையும் கலந்து வரும். மாதிரியை ஃபார்மலினில் போட்டால் டிஎன்ஏ கெடும்; எத்தனால் நல்லது. சீல் உடைந்திருந்தால் கோர்ட்டில் கேள்வி வரும்.

லேப் எவ்வளவு துல்லியமாக இருந்தாலும், வழக்கு நிற்பதும் விழுவதும் அந்த முதல் துண்டை எடுத்த கையில்தான் இருக்கு.