அங்கதம் அறிவோம்

ஒருவரது குறையை நேரே கடிந்துரைத்தால் அவர் சினங்கொள்வார். நகைச்சுவை கலந்து உரைத்தால் முதலில் நகைப்பார், பின்னர் நாணுவார், திருந்தவும் கூடும். இவ்வாறு நகைப்பின் வழியே குறையைச் சுட்டுவதே அங்கதம். தொல்காப்பியம் இதனைச் செம்பொருள் அங்கதம், பழிகரப்பு அங்கதம் என இரண்டாக வகுக்கிறது. வெளிப்படையாகப் பழிப்பது முன்னது. பழியை உள்ளே மறைத்துரைப்பது பின்னது.

மறைத்துரைக்கும் வழிகளுள் ஒன்று வஞ்சப்புகழ்ச்சி. அதாவது, புகழ்வதுபோலப் பழித்தலும், பழிப்பதுபோலப் புகழ்தலும் ஆகும். புறநானூற்றின் 95ஆம் பாட்டில் இவ்விரண்டும் ஒருங்கே அமைந்துள்ளன. அதியமானின் தூதராகச் சென்ற ஔவையாருக்குத் தொண்டைமான் தன் படைக்கலக் கொட்டிலைக் காட்டினான். அவன் ஆயுதங்கள் பீலியும் மாலையும் அணிந்து, நெய் பூசப்பெற்று, காவலோடு விளங்குவதை ஔவையார் புகழ்ந்தார். தம் மன்னனின் வேல்களோ நுனி சிதைந்து கொல்லன் உலைக்களத்தில் கிடப்பதாகக் குறைபோலக் கூறினார். போர் அறியாத வேல் எது, போரில் தேய்ந்த வேல் எது என்பதைக் கேட்போரே உணர்ந்துகொள்ள விட்டார்.

மற்றொரு வழி மிகைப்படுத்தல். நம் நாட்டின் கேலிச்சித்திரக் கலைஞர் லாட் கோட்டோவியத்தால் இதனைச் செய்தார். முன்னாள் பிரதமர் டாக்டர் மகாதீரைப் பற்றிய அவருடைய கேலிச்சித்திரங்கள் 2004இல் நூலாகவும் வெளிவந்தன.

மாணவர்களே, நீங்களும் முயலலாம். குண்டும் குழியுமான ஒரு தோட்டச் சடக்கைப் பற்றி, "இதைப்போன்ற சடக்கு வேறெங்கும் இல்லை, மழை பெய்தால் மீன் வளர்க்கலாம், வெயில் அடித்தால் மாவு சலிக்கலாம்" என்று எழுதிப் பாருங்கள். முதலில் புகழ்ச்சி, அடுத்து மிகை, உள்ளே உண்மை. படிப்பவர் சிரிப்பார், செப்பனிட வேண்டியவர் சிந்திப்பார்.

ஆயினும் ஓர் எச்சரிக்கை. திக்கிப் பேசும் தோழனையும், கிழிந்த சட்டை அணிந்தவனையும், செம்பனைக் குலை வெட்டும் தந்தையின் பிள்ளையையும் எள்ளி நகைப்பது அங்கதமன்று, அது கொடுமை. திருத்திக்கொள்ளக்கூடிய குற்றத்தையே அங்கதம் தாக்கும். வறுமையும் உடற்குறையும் குற்றங்கள் ஆகா. ஔவையார் நகைத்தது வாயிற்காவலனையன்று. படை உடைய மன்னனது செருக்கையே.

பெற்றோர்களே, பிள்ளைகள் பிறரைக் கேலி செய்யும்போது, "நீ நகைப்பது குற்றத்தையா, ஆளையா?" என்று ஒரு வினா எழுப்புங்கள். அவ்வினாவை நாமும் நம்மிடம் கேட்டுக்கொள்வோம். நம் நாவும் எழுதுகோலும் எளியோரைப் புண்படுத்தாது, தவற்றைத் திருத்தும் கருவிகளாய் விளங்குக!